அப்பாவின் தூக்க மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள்

72 வயது அப்பா ஆறு வருடமாக ராத்திரி அல்பிரசோலாம் 1 மில்லிகிராம் போடுகிறார், மூன்று நாள் முன்பு ஒளித்து வைத்தோம், இப்போது கை நடுங்குகிறது என்கிறீர்கள். நடுக்கம் அந்தத் திடீர் நிறுத்தத்தால்தான் இருக்கும். வலிப்பு வரலாம், இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். உளறல், வலிப்பு என்றால் நேராக 108.

பெரும்பாலும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டுத்தான் குறைப்பார்கள். 0.25 மாத்திரையில் பாதி, அதாவது 0.125 அளவு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை குறைப்பது வழக்கம். கடைசிப் படிகள்தான் கஷ்டம். அங்கே இன்னும் மெதுவாகப் போகலாம். 'எஸ்ஆர்' (மருந்தை மெல்ல மெல்ல விடும் வகை) என்று போட்ட மாத்திரையை மட்டும் உடைக்கவே கூடாது, மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

அவர் குடிப்பாரா? வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்துக்கென்று சளி மாத்திரை வாங்கித் தராதீர்கள். இந்த வயதில் அதுவே குழப்பம், சிறுநீர் அடைப்பு தரும்.