கத்தாரில் முதுகு முறிந்து கிடக்கும் அண்ணாவை உடனே ஊருக்கு எடுக்கலாமா?

கேட்டவர் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதித் தங்கச்சி ஒருவர். அண்ணன் தோஹாவில் கட்டட வேலை. ஸ்கஃபோல்டிங்கிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்து, ஒப்பரேஷன் முடிந்து பத்து நாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "கொம்பனி டிக்கெட் போட்டுத் தருகுதாம், ஒரு கடதாசியில கையொப்பம் மட்டும் வைக்கட்டாம். அம்மா சாப்பிடுறாவே இல்ல. கூட்டி வரட்டா?" என்கிறார்.

தங்கச்சி, அந்தக் கையொப்பம் இப்ப வேண்டாம்.

கல்நெஞ்சக்காரன் என்று கீழே நாலு பேர் எழுத வருவார்கள் என்று தெரியும். எழுதட்டும். வேலையிடத்தில் காயப்பட்டவருக்கு 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கத்தார் தொழிற்சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். மருத்துவச் செலவு முதலாளியுடையது. சிகிச்சை நடக்கும் காலத்தில் ஆறு மாதம் வரை முழுச் சம்பளம், அதற்கு மேலும் இழுத்தால் குணமாகும்வரை அல்லது நிரந்தர ஊனம் என்று உறுதியாகும்வரை அரைச் சம்பளம். கட்டிலில் கிடந்தாலும் அண்ணா இன்னும் சம்பளக்காரர்தான். பகுதி ஊனமென்றால் எத்தனை வீதம் என்று அங்குள்ள மருத்துவ அதிகாரிகள் எழுத வேண்டும். இறப்புக்கான இழப்பீடு 200,000 றியால். அதில் அந்த வீதம் அவருக்குச் சேரும். 60 என்று எழுதினால் 120,000 றியால். அந்த இறுதி மருத்துவ அறிக்கையின் திகதியிலிருந்து ஒரு வருடம் கடந்தால் கேட்கும் உரிமையும் போய்விடும்.

வீதம் எழுதப்படாமல் விமானம் ஏறினால், பிறகு இங்கிருந்துகொண்டு கேட்பது மெத்தக் கஷ்டம். கொம்பனி ஏன் அவசரப்படுகிறது என்று இப்ப விளங்கும். எல்லாக் கொம்பனியும் அப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல கொம்பனிக்கும் அறிக்கை வரும்வரை பொறுத்திருப்பதில் நட்டமில்லை.

இன்னொரு பொறி, அறபியில் அடித்த வாக்குமூலம். பாதுகாப்பு அறிவுறுத்தலை மீறியவருக்கும் பாரதூரமான கவனயீனத்தால் காயப்பட்டவருக்கும் இழப்பீட்டை மறுக்க அதே சட்டத்தில் இடமுண்டு. "பெல்ட் கொளுவவில்லை" என்ற ஒரு வரி அதற்குப் போதும். மருந்து மயக்கத்தில் கிடப்பவரின் பெருவிரலை மையில் ஒற்றி எடுக்க விடாதீர்கள். வாசித்துச் சொல்ல ஆள் வந்த பிறகுதான் எந்தக் கடதாசியும்.

அதற்கு அங்கே ஒரு ஆள் வேண்டும். சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. நிதானமான ஒரு ஊர்ப் பெடியன் போதும். பத்துப் பேர் பத்துப் பக்கம் கோல் எடுத்தால் ஆஸ்பத்திரியில் எவருக்கும் பதில் கிடைக்காது. அவர் எடுக்க வேண்டியவை: பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், ஹெல்த் கார்ட் இலக்கம், கத்தார் ஐடி, பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் படம், கடைசி மூன்று மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த பதிவு. வைத்தியரிடம் "எப்படி இருக்கிறார்" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் வரும். முறிவு எந்த எலும்பில், நரம்பு முழுவதாக அறுந்ததா பகுதியாகவா, மலவாசலில் உணர்வு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டாம், திரும்ப நடப்பாரா என்பதற்கான முதல் தடயம் அதுதான். தாதிமாரில் மலையாளிகள் நிறைய. மெதுவாகத் தமிழில் கதைத்தாலும் விளங்கும்.

இங்கே நீங்கள் செய்ய வேண்டியது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் (பீரோ) 1989க்கு அழைத்து முறைப்பாட்டைப் பதிவது. 24 மணி நேரமும் எடுப்பார்கள். இலக்கத்தை எழுதி வாங்குங்கள். அதோடு பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள். பீரோவில் பதிந்து போனவரென்றால் காப்புறுதியும் இருக்கும். விசிட் விசாவில் போயிருந்தால் அது இல்லை. ஆனாலும் இலங்கைப் பிரஜை என்ற வகையில் தூதரகத்தைக் கேட்கலாம். தோஹா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னுக்கு, வெள்ளி சனி லீவு. வியாழன் பின்னேரம் அனுப்பிய கடிதத்துக்கு ஞாயிறுதான் ஆள்.

போகிற போக்கில் ஒன்று. பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்கிற சப் ஏஜெண்ட்மார் பெயரை இங்கிலீஷில் நினைத்தபாட்டுக்கு எழுதிவிடுகிறார்கள். கந்தசாமியின் 'த'வுக்குப் பாஸ்போர்ட்டில் 'டி', பிறப்புச் சாட்சிப்பத்திர மொழிபெயர்ப்பில் 'டிஎச்'. அந்த ஒரு எழுத்துக்காக இருவரும் ஒருவர்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து அலைய வேண்டும்.  உங்கள் அண்ணாவின் பத்திரங்களை இப்பவே பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

முகப்புத்தகத்தில் கட்டிலோடு படம் போட்டுக் காசு சேர்க்கவும் வேண்டாம். விபத்தில் காயப்பட்டவரை அனுமதியின்றிப் படமெடுத்துப் பரப்புவது கத்தாரில் குற்றம். மாட்டுவது படம் அனுப்பிய பெடியன்.

கூட்டி வரும் காலம் வந்ததும் சாதாரண டிக்கெட் சரிவராது. இருக்க முடியாதவருக்கு ஸ்ட்ரெச்சர்: பொதுவாகப் பின்பக்கம் ஆறு சீட்டை மடித்து அதன் மேல் பூட்டுவார்கள், அத்தனை சீட்டுக்கும் காசு. நோயாளி பறக்கத் தகுதியா என்று வைத்தியர் நிரப்பும் மெடிஃப் படிவத்தை விமானக் கம்பனியின் மருத்துவர் ஏற்க வேண்டும். நெஞ்சுக்கூட்டிலோ மண்டைக்குள்ளோ காற்று தேங்கியிருந்தால் மறுப்பார்கள். மேலே அழுத்தம் குறைய அந்தக் காற்று விரியும், அதுதான் காரணம். தாதி ஒருவர் கூட வரும் செலவு, ஸ்ட்ரெச்சர் செலவு இரண்டையும் கொம்பனி தருவதாக எழுத்தில் எடுங்கள். "டிக்கெட் போடுறம்" என்ற வாய்ப்பேச்சில் இவை அடங்காது. ஸ்கான் சீடி, ஒப்பரேஷன் குறிப்பு, கிருமிப் பரிசோதனை முடிவு, மூத்திரக் குழாய் கடைசியாக மாற்றிய திகதி எல்லாம் கையில் வர வேண்டும்.

கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்பு முந்நூறு கிலோமீற்றரளவில். அம்புலன்ஸில் நேரே வீட்டுக்கு எடுக்காதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ றாகமை புனர்வாழ்வு வைத்தியசாலையிலோ கட்டில் இருக்கிறதா என்று ஆள் ஏறுவதற்கு முன்பே கதைத்து வையுங்கள். வழியில் இரண்டு மணித்தியாலத்துக்கொரு தரம் நிறுத்தி ஆளை மறுபக்கம் சரிக்க வேண்டும். உணர்வில்லாத தோலுக்கு வலி தெரியாது. றெக்சின் மெத்தையில் வேர்வையோடு ஒரே பக்கம் கிடந்தால் இடுப்பின் பின் எலும்பில் காசளவு சிவப்பு வரும். விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் அதற்குப் பிறகு படுக்க வைக்கக் கூடாது, தேய்க்கவும் கூடாது. குதிக்காலையும் பாருங்கள்.