கரியமில வாயுவுக்கு நாடு முழுக்க ஒரே விலை: நடக்குமா?

சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிக்கும்) ஆலைகள் எவ்வளவு கரியமில வாயு விடலாம் என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் வரம்பு அறிவித்தது. அதையொட்டி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

மேலூர் வாசகர்: எந்தக் கூட்டத்திலும் எந்தத் தலைவரும் கார்பன் வரி பற்றிப் பேசிக் கேட்டதில்லை. இந்தியாவில் அது வருமா?

வந்தது, எட்டு மடங்கு வளர்ந்தது, போயும்விட்டது. வெளிவிடும் கரியமில வாயுவுக்கு விலை வைப்பதுதான் கார்பன் வரி; அந்த வகையில் 2010-ல் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் செஸ் (குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக வசூலிக்கும் கூடுதல் வரி) விதித்தார்கள். 2014-ல் அது 100, 2015-ல் 200, 2016-ல் 400 ரூபாய் ஆனது. தொடங்கியது காங்கிரஸ் கூட்டணி, மூன்று முறை உயர்த்தியது பா.ஜ.க. கூட்டணி. தெருவில் பெரிய போராட்டம் எதுவும் கிளம்பவில்லை. சுரங்கத்திலும் துறைமுகத்திலுமே வசூலாகிவிட்டதால், நம் கரண்ட் பில்லில் அந்தப் பெயர் ஒரு நாளும் வரவில்லை. சத்தமில்லாமல் வந்த வரிக்குக் காவலும் இல்லாமல் போனது.

வசூலான பணத்தைப் பாருங்கள். 2010-11 முதல் 2017-18 வரை சுமார் 86,440 கோடி ரூபாய் வந்தது. தூய எரிசக்தி நிதிக்குப் போனது 29,645 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அதே 400 ரூபாய், மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாறியது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே அதிலிருந்து கழன்றுகொண்டது.

2025 செப்டம்பர் 22-ல் அந்தச் செஸ்ஸையும் எடுத்துவிட்டு, நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். வரி கூடியதுபோலத் தெரியும். கணக்குப் போட்டால் வேறு. டன் 1,500 ரூபாய் விலையுள்ள உள்நாட்டுக் கரிக்கு முன்பு 75-உம் 400-உம் சேர்ந்து 475 ரூபாய் வரி, இப்போது 270. டன் 8,000 ரூபாய் விலையுள்ள இறக்குமதிக் கரிக்கு முன்பு 800, இப்போது 1,440. விலை சுமார் 3,080 ரூபாய்க்குக் கீழே உள்ள கரிக்கெல்லாம் வரி குறைந்திருக்கிறது. சாம்பல் அதிகமுள்ள மட்டக் கரிதான் மலிவு. எடைக்கு வரி என்றால் அதை நிறைய எரிப்பவர் நிறையக் கட்டுவார். விலைக்கு வரி என்றால் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. மின்சாரம் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் அனல்மின் நிலையம் இந்த வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஏற்றமோ இறக்கமோ அப்படியே மின்சாரத்தின் அடக்கவிலையில் சேரும்.

மறுபடி வெளிப்படையாக ஒரு கார்பன் வரி வரும் வாய்ப்பு, எங்கள் கணிப்பில், குறைவுதான். செஸ்ஸாகப் போட்டால் அரசியல் சட்டத்தின் 270-ஆம் பிரிவுப்படி மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. சென்னை முதல் ராஞ்சி வரை எதிர்ப்பார்கள். ஜி.எஸ்.டி. வழியாகப் போட்டால், மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து அமரும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. 31 மாநில உறுப்பினர்களும் வந்து வாக்களித்தால், 12 பேர் சேர்ந்து தடுத்துவிடலாம். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கருக்கு நிலக்கரி ஒரு முக்கிய வருமானம். ரயில்வேயோ கரி ஏற்றிச் சம்பாதிக்கும் பணத்தில்தான் நம் பயணிகள் கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருக்கிறது.

கப்பலூர் வாசகர்: அப்படியானால் ஆலைகளுக்கு வரம்பு அறிவித்திருக்கிறார்களே, அது வரி இல்லையா?

இல்லை, அது சந்தை. 2022-ல் எரிசக்திச் சிக்கனச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தார்கள். ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு வாயு என்று ஒவ்வொரு ஆலைக்கும் தனி அளவு. உதாரணமாக, ஆண்டுக்கு 10 லட்சம் டன் சிமென்ட் செய்யும் ஆலைக்கு டன்னுக்கு 0.60 டன் வாயு என்று இலக்கு, நிஜத்தில் 0.62 டன் என்றால் 20,000 டன் பற்றாக்குறை. டன்னுக்கு ஒன்று என்று அத்தனை சான்றிதழ்களை, இலக்கைவிடக் குறைவாக வாயு விட்டு மிச்சம் பிடித்த ஆலையிடம் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் சராசரிச் சந்தை விலையைப்போல இரு மடங்கு இழப்பீடு.

அரசியல் ரீதியாக இது சுலபம்: பணம் அரசுக்கு வராது, ஆலைக்கு ஆலை கைமாறும். எங்களை உறுத்துவது இரண்டு. நாட்டிலேயே அதிகம் புகைக்கும் அனல்மின் நிலையங்களுக்கு இதில் இலக்கு இல்லை. அடுத்தது, அளவு ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு என்பதால் உற்பத்தி பெருகினால் மொத்தப் புகையும் பெருகலாம், சட்டப்படியே. இந்தத் திட்டத்தின் துறைப் பட்டியலில் ஜவுளியும் இருக்கிறது; பெரிய பஞ்சாலைக்காரர்கள் மின்சாரம், டீசல், விறகு, நிலக்கரிக் கணக்கை மாதாமாதம் தனித்தனியே எழுதி வைப்பது நல்லது.

செல்லூர் வாசகர்: எனக்கு விசைத்தறிக் கூடம். கரியமில வாயு டன்னுக்கு 1,000 ரூபாய் என்று விலை வைத்தால் எனக்கு என்ன ஆகும்?

இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ வாயு. ஆக யூனிட்டுக்கு 70 பைசா. கம்பி இழப்பையும் சேர்த்தால் 80 பைசாவை நெருங்கும். இரண்டு மாதத்துக்கு 3,000 யூனிட் ஓடுகிற கூடம் என்றால், விசைத்தறிக்கான 1,000 யூனிட் இலவசம் போக 2,000 யூனிட்டுக்கு 1,600 ரூபாய் வரை கூடும். அந்த இலவச 1,000 யூனிட்டின் சுமை மாநில அரசின் தலையில். வயல் மோட்டாருக்கும் அப்படியே: 7.5 குதிரைத்திறன் மோட்டார் தினம் 6 மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 1,000 யூனிட். விவசாயி எதுவும் கட்ட மாட்டார், மாநில அரசு கட்டும். தமிழகத்தில் எந்தக் கட்சி ஆண்டாலும் கார்பன் வரியைக் கண்டு தயங்குவதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இதே விலையில் மற்றவை கூடுவது: பெட்ரோல் லிட்டருக்கு 2.30 ரூபாய், டீசலுக்கு 2.70, வீட்டு சிலிண்டருக்கு 42 ரூபாய், சிமென்ட் மூட்டைக்குச் சுமார் 30 ரூபாய்.

திருமங்கலம் வாசகர்: போல்ட், நட்டு செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். வாங்குபவர் கார்பன் கணக்குக் கேட்கிறார்.

இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வந்த வாயுவுக்கான ஐரோப்பிய எல்லைக் கார்பன் கட்டணம் 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. போல்ட்டும் நட்டும் அதில் உண்டு. கட்டுபவர் அங்கே இறக்குமதி செய்பவர். ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குள் இறக்கினால் அவருக்கு விலக்கு. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பலர் தவறுவது ஓரிடத்தில். தங்கள் பட்டறையின் கரண்ட் பில்லை அனுப்பிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இரும்புப் பொருளுக்கு மின்சாரத்தின் வாயு கணக்கில் சேராது. நீங்கள் வாங்கும் கம்பிச் சுருளை உருக்கிய ஆலையில் வந்த வாயுதான் பெரும்பகுதி. ஆகவே ஒவ்வொரு கொள்முதலிலும் ஆலையின் பெயர், உருக்கு வார்ப்பு எண், டன்னுக்கு எவ்வளவு வாயு என்ற சான்று, இந்த மூன்றையும் வாங்குங்கள். அதோடு உங்கள் சூடேற்றும் உலையில் எரியும் எரிபொருளின் அளவு, கழிவுத் துண்டின் எடை. அங்கீகரிக்கப்பட்ட சரிபார்ப்பாளர் ஒப்புக்கொள்ளாத கணக்கு செல்லாது. அப்போது ஐரோப்பா தானே வைத்திருக்கும் உயர்ந்த அளவைப் போட்டுவிடும்.

இங்கே கட்டிய கார்பன் விலையை அங்கே கழித்துக்கொள்ளலாம். அந்தப் பணம் பிரஸ்ஸல்ஸுக்குப் போவதைவிட டெல்லியிலேயே நிற்கட்டுமே என்பதுதான் இன்று இந்தியாவில் கார்பன் விலைக்கு ஆதரவாக எடுபடும் ஒரே வாதம்.

உசிலம்பட்டி கல்லூரி மாணவி: வெளிநாடுகளில் இந்த வரி ஏன் தோற்றது?

எல்லா இடத்திலும் தோற்கவில்லை. ஸ்வீடனில் 1991 முதல் இருக்கிறது. தோற்றவற்றில் ஆஸ்திரேலியா 2012-ல் டன் 23 டாலரில் தொடங்கி, ஆட்சி மாறியதும் 2014-ல் கைவிட்டது. அமெரிக்காவில் 2009-ல் கீழவையில் 219-க்கு 212 என்று தேறிய கார்பன் சந்தை மசோதா, செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது கனடா. 2019-ல் 20 டாலர், 2024-ல் 80 டாலர். வசூலில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பித் தந்தார்கள். ஆனால் பணம் சத்தமில்லாமல் வங்கிக் கணக்கில் விழுந்தது; எதற்கு வந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. பெட்ரோல் பங்கில் ஏறிய விலை மட்டும் கண்ணில் பட்டது. 2025 ஏப்ரல் 1-ல் மக்கள் மீதான கட்டணத்தை நீக்கிவிட்டார்கள், ஆலைகள் மீதானது நிற்கிறது.

நம் ஊரில் பொங்கல் பணம் ரேஷன் கடையில் கையில் தரப்படுகிறது. யார் கொடுத்தார்கள், எதற்கு என்று கேட்டால் பாட்டிக்கும் தெரியும். இந்தியாவில் ஆளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2 டன் வாயு. டன்னுக்கு 1,000 ரூபாய் வசூலித்து அப்படியே பிரித்தால் ஆளுக்கு 2,000, நான்கு பேர் வீட்டுக்கு 8,000 ரூபாய். ஏ.சி.யும் காரும் இல்லாத வீடு இதில் பெரும்பாலும் லாபம் பார்க்கும். விலை ஏறுவதற்கு முந்தைய வாரமே அந்தப் பணம் ரேஷன் கடையில் கைக்கு வர வேண்டும். பிந்தினால் கனடாவின் கதைதான்.

மதுரை அண்ணா நகர் வாசகர்: என் எம்.பி.யிடம் என்ன கேட்கலாம்?

இரண்டே கேள்விகளை எழுதிக் கொடுங்கள். அனல்மின் நிலையங்களுக்கு எந்த ஆண்டு முதல் இலக்கு? நிலக்கரிச் செஸ்ஸில் செலவாகாமல் போன பணத்துக்கு ஈடாகத் தூய எரிசக்திக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது? மக்களவையில் கேள்வி எழுப்ப எம்.பி. முழுதாக 15 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கூட்டத்தொடர் தேதி தெரிந்த உடனே போய்ப் பாருங்கள்.