ஒரே கூடுப் பெட்டியில் இருக்கும் கூகைக் குஞ்சுகள் ஏன் ஆளுக்கொரு அளவில் இருக்கின்றன?

கடைசிக் குஞ்சு நோஞ்சான் என்று பயப்பட வேண்டாம். வயதில்தான் அது சின்னது. கூகை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டை இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். ஒவ்வொன்றும் பொரிய ஏறக்குறைய 30 நாள். அதனால் மூத்ததற்கு முகவட்டம் (முகத்தைச் சுற்றிய இதய வடிவ இறகு வளையம்) தெளியும்போது இளையது இன்னும் வெறும் வெள்ளைத் தூவியாகவே இருக்கும்.

நம் டெல்டா வயல்களில் எலி நிறைய இருந்தால் எல்லாம் தேறிவிடும். இரை குறைந்தால் பெரும்பாலும் கடைசிதான் சாகும். ஆனாலும் மூத்தது தன் அலகிலிருக்கும் எலியை இளையதுக்கு ஊட்டுவதும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது! இரவில் கேட்கும் சீறல் பாம்பு இல்லை, குஞ்சுகளின் பசிச் சத்தம். பெட்டிக்குக் கீழே கிடக்கும், செரிக்காமல் கூகை கக்கிய கறுப்பு உருண்டையைப் பிரித்துப் பாருங்கள்: எலி மயிர், மண்டையோடு, பற்கள்.

சுமார் 2 மாதத்தில் பறக்கும். அதுவரை பெட்டியைத் திறக்காதீர்கள், வயலில் எலி மருந்தும் வைக்காதீர்கள்.