சொக்சோ பணம் தாமதம்: உங்களுக்கு மிச்சம் 11 நாள்தான்

கேள்வி: பிறையில் ஒரு தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். சம்பளம் 3,200 ரிங்கிட். ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி, "ராஜினாமா எழுதிக் கொடுங்கள், பெயர் கெடாது" என்றார்கள். கொடுத்துவிட்டேன். வேலை போய் 49 நாள் ஆகிறது. சொக்சோவில் (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதிக்கு, அதாவது வேலை இழந்தவருக்கான உதவித்தொகைக்கு, மனு செய்து ஆறு வாரம். போகும்போதெல்லாம் "விசாரணையில் இருக்கிறது" என்கிறார்கள், மரியாதையும் இல்லை. வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். தாமதத்துக்காக சொக்சோ மீது வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். கவுண்டரில் பட்ட அவமானம் வலிக்கும்தான், ஆனால் அதை வைத்து வழக்கு நிற்காது. உங்கள் ஃபைல் நகராததற்குக் காரணம் நீங்கள் கையெழுத்திட்ட ராஜினாமா கடிதம். சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு 2017ஆம் ஆண்டு வேலை காப்புறுதிச் சட்டத்தில் உதவித்தொகை கிடையாது. ஆட்குறைப்பில் போனவருக்கு உண்டு. நீங்கள் ஆட்குறைப்பு என்கிறீர்கள், கடிதம் ராஜினாமா என்கிறது. அதிகாரி முதலாளியிடம் கேட்காமல் எப்படிப் பணம் விடுவார்?

கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா சட்டப்படி பணிநீக்கம்தான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அன்று வந்த வாட்ஸ்அப் செய்திகள், கூட்டத்துக்கு அழைத்த மின்னஞ்சல், அதே வாரத்தில் இன்னும் யார் யார் அனுப்பப்பட்டார்கள் என்ற விவரம், எல்லாவற்றையும் ஒரு விளக்கக் கடிதத்தோடு சொக்சோவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தாமதத்தைக் குறைக்க உங்கள் கையில் இருப்பது இது ஒன்றுதான்.

இப்போது எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சொக்சோ மனுவுக்கு 60 நாள் கெடு, அதற்குள் நீங்கள் மனு கொடுத்துவிட்டீர்கள், சரி. ஆனால் பணிநீக்கத்தை எதிர்த்து தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்கவும், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவுப்படி, அதே 60 நாள்தான். சொக்சோ முடிவு வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் என் அலுவலகத்துக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். 61ஆவது நாள் வந்தவருக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சொக்சோவில் மனு நிலுவையில் இருப்பதால் அந்தக் கெடு நிற்காது. உங்களுக்கு 11 நாள் இருக்கிறது.

அந்த மனுவில் "மீண்டும் வேலை வேண்டும்" என்றுதான் கேட்க வேண்டும். அந்தத் தொழிற்சாலை வாசலை மிதிக்கவே மனமில்லை என்றாலும் சரி. "நஷ்டஈடு போதும்" என்று எழுதிக் கொடுத்து மனுவையே பலவீனப்படுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனு போனதும் இலாகா இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அழைக்கும். அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தொழிலியல் நீதிமன்றம் வரை போனால் வருடக்கணக்கில் இழுக்கலாம், உங்கள் வீட்டுக் கடன் அதுவரை காத்திருக்காது. பணிநீக்க, ஆட்குறைப்பு உதவித்தொகை பற்றிய 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆட்குறைப்பில் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். எட்டு ஆண்டுக்கு 160 நாள், அதாவது ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேல். ராஜினாமா கடிதத்தால் நீங்கள் கைவிட்டது சொக்சோ பணம் மட்டுமல்ல, இதையும்தான்.

பேச்சில் முதலாளி தரப்பு அநேகமாக இப்படிச் சொல்லும்: "பணம் தருகிறோம், ராஜினாமா ராஜினாமாவாகவே இருக்கட்டும்." அந்த வாசகத்தோடு கையெழுத்திட்டால் சொக்சோ கதவு மூடிவிடும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 30 என்று குறையும் அந்தத் தொகையில், உங்கள் சம்பளத்துக்கு முதல் மாதம் மட்டும் சுமார் 2,560 ரிங்கிட். ஆகவே, தொகை கொஞ்சம் குறைந்தாலும் விட்டுக்கொடுங்கள், ஆனால் ஆர்டர் குறைந்ததால் ஆட்குறைப்பு செய்தோம் என்று முதலாளி எழுத்தில் தர வேண்டும். அதுதான் நடந்த உண்மை, அதை எழுதச் சொல்வதில் தப்பே இல்லை. நடக்காத காரணத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள், பொய்த் தகவல் கொடுத்துப் பணம் பெறுவது குற்றம்.

அந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அதன் நகலோடு சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள்.