‘ஹை டென்ஷன்’ என்றால் விறைப்பான கம்பியா?

கேள்வி: திருச்சிக்கு வெளியே 3 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். அதன் ஓரமாக மின்கோபுரக் கம்பி போகிறது. “ஹை டென்ஷன் என்றால் கம்பி விறைப்பாக இருக்கும், இது தொய்ந்துதானே தொங்குகிறது, பயமில்லை” என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: டென்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் இழுத்துப் பிடித்த நிலை. மனத்தைப் பற்றிச் சொன்னால் அது பதற்றம், கயிற்றைப் பற்றிச் சொன்னால் இழுவிசை. ஆனால் ‘ஹை டென்ஷன்’ என்று மின்துறையில் சொல்லும்போது அது மின்னழுத்தத்தை, அதாவது வோல்டேஜைத்தான் குறிக்கும். கம்பி எவ்வளவு தொய்ந்திருந்தாலும் அதிலுள்ள மின்னழுத்தம் ஒரு வோல்ட்கூடக் குறையாது.

உண்மையில் தொய்வுதான் ஆபத்து. சித்திரை வெயிலிலும் மின்பளு ஏறும் நேரத்திலும் கம்பி சூடாகி நீண்டு இன்னும் கீழே இறங்கும். காற்றடித்தால் பக்கவாட்டில் ஊசலாடும். அதனால்தான் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள், உயரத்தை அதிகபட்சத் தொய்விலும், பக்கவாட்டு இடைவெளியை அதிகபட்ச ஊசலாட்டத்திலும் கணக்கிடச் சொல்கின்றன. 11 கிலோவோல்ட் கம்பிக்குக் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டரும் கூரைக்கு மேல் 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும். 110 கிலோவோல்ட் என்றால் அவை 2.9 மீட்டராகவும் 4.6 மீட்டராகவும் உயரும். தரகர்கள் கோபுரத்தின் காலிலிருந்து டேப் பிடித்து அளந்து காட்டுவார்கள். அதை ஏற்காதீர்கள். கோபுரத்தின் கைகள் வெளியே நீண்டிருப்பதால், உங்கள் பக்கத்துக் கடைசிக் கம்பிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்துதான் அளவு தொடங்க வேண்டும். எத்தனை கிலோவோல்ட் என்பது கோபுரத்தில் மண்டையோட்டுப் படத்துடன் இருக்கும் அபாயப் பலகையிலேயே எழுதியிருக்கும்.

வீட்டு வாசலில் கம்பத்துக்குக் கம்பம் போகும் தாழ்வழுத்தக் கம்பியை இதனுடன் சேர்க்கக் கூடாது. அதற்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், கூரைக்கு மேல் 2.5 மீட்டர் போதும். பணம் கட்டி விண்ணப்பித்தால் கம்பத்தை நகர்த்திக் கொடுப்பதும் அன்றாடம் நடப்பதுதான். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தரகர்கள் “எழுதிக் கொடுத்தால் லைனை மாற்றிவிடுவார்கள்” என்று கோபுரக் கம்பிக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மனைக்காகக் கோபுரப் பாதையை மாற்றுவது உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும் வேலை அல்ல.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று நிம்மதி அடையவும் வேண்டாம். நிலத்தை விலைக்கு வாங்காமல், சட்டம் தரும் அதிகாரத்தில் கம்பி இழுக்கப்படுவதால் பொதுவாக அது பத்திரப் பதிவுக்கே வருவதில்லை. ஊரே அண்ணாந்து பார்க்கும் ஒரு கம்பி, வாங்குபவர் கையில் இருக்கும் ஒரு காகிதத்திலும் தெரியாமல் இருப்பதை இத்தனை ஆண்டுகளாக எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம் என்பது எனக்குப் புரியவில்லை. பதிவுக் கட்டணத்தை மட்டும் ஒரு ரூபாய் குறையாமல் வாங்குகிறார்கள்.

கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதும் தவறு. கட்டுமானக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. மாடியில் நின்று கொத்தனார் அதை நிமிர்த்தும்போது, நுனி மின்கம்பியை நெருங்கினாலே இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாய்ந்துவிடும்.

110 கிலோவோல்ட் என்றால் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்தின் கோட்ட அலுவலகத்தில், சர்வே எண்ணையும் கோபுர எண்ணையும் குறிப்பிட்டு, எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை தரகருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.