றேடியேற்றருக்கு கிணத்துத் தண்ணி விடலாமோ?

கேள்வி: அண்ணை, என்னட்ட 2008 விற்ஸ் கார் ஒண்டு இருக்கு. வாங்கின நாளிலயிருந்து றேடியேற்றருக்கு வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் விடுறன், கராஜில கேக்க "யாழ்ப்பாணத்தில என்ன பனியே கொட்டுது, கூலன்ற் வீண் செலவு" எண்டு சொல்லிப்போட்டினம். போன கிழமை மூடியைத் திறந்தா தண்ணி தேத்தண்ணி நிறத்தில கிடக்குது. வடிச்சுப்போட்டு புதுக் கூலன்ற் விட்டாக் காணுமோ?
- கோண்டாவில் வாசகர்

பதில்: காணாது தம்பி. பனியில தண்ணி உறையாமப் பாக்க மட்டும்தான் கூலன்ற் எண்டா அவை சொன்னது சரி, ஆனா துருப்பிடியாமப் பாக்கிறதும் கொதிக்கிறதைத் தள்ளிப்போடுறதும் ஆர்? வெறும் தண்ணி 100 பாகையில கொதிக்கும், கூலன்ற்றைப் பாதிக்குப் பாதி கலந்தா 106, 107 மட்டும் தாங்கும், மூடியின்ர அமுக்கத்தோட இன்னும் மேல போகும், மத்தியான வெயிலுக்க ஏசியும் போட்டுக்கொண்டு ஏ9 ஆல கொழும்புக்கு ஓடேக்க அதுதான் காப்பாத்தும். அதோட எங்கட தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. கேத்திலுக்கு அடியில வெள்ளையாப் படியுதே, அதே சாமான்தான் றேடியேற்றரின்ர ஒடுங்கின குழாயளுக்கையும் படியுது.

எஞ்சின் வடிவா ஆறினாப் பிறகு மூடியைக் கழட்டுங்கோ, சூட்டோட திறந்தா முகத்திலதான் அடிக்கும். கீழ இருக்கிற வடிக்கிற திருகு பிளாஸ்ரிக், குறடு போடாமக் கையாலயே திருப்புங்கோ. வடியிறதை பேசினில பிடிச்சு அளவுங்கோ, இதுதான் முக்கியம். கார்ப் புத்தகத்தில மொத்தம் எத்தினை லீற்றர் எண்டு போட்டிருக்கும், வந்தது அதைவிடக் குறைவாத்தான் இருக்கும், மிச்சம் எஞ்சின் புளொக்குக்கையும் ஹீற்றருக்கையும் நிக்குது. அந்த ஊத்தையோட புதுசைக் கலந்து என்ன பிரயோசனம்? பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணி நிரப்பி, மூடியைப் பூட்டி, ஹீற்றரைச் சூட்டில விட்டு, விசிறி சுத்தி நிக்குமட்டும் ஓட விடுங்கோ, பிறகு ஆறவிட்டு வடியுங்கோ. தெளிவா வருமட்டும் இப்பிடிச் செய்யோணும், உங்கட காருக்கு மூண்டு நாலு தரம் வரும்போல, பொறுமை வேணும்.

கடைசியா விடேக்க, தண்ணி கலந்து வாற கூலன்ற்றை வாங்காதேங்கோ, உள்ளுக்க நிக்கிற தண்ணி அதை இன்னும் ஐதாக்கிப்போடும். தண்ணி கலக்காத கூலன்ற்றை மொத்தக் கொள்ளளவில பாதிக்கு முதல் விட்டு, மிச்சத்துக்கு வடிச்ச தண்ணி விடுங்கோ. மூடியில்லாமக் கொஞ்சநேரம் ஓடவிட்டா காத்து குமிழ் குமிழா வரும், மட்டம் இறங்க இறங்க விட்டுக்கொண்டு, குமிழ் நிண்டாப் பூட்டுங்கோ. அடுத்த நாள் காலமை, எஞ்சின் சூடேற முதல், மட்டத்தை ஒருக்காப் பாருங்கோ.

கேள்வி: என்ர அக்வா ஹைபிரிட் காருக்கு றோஸ் கலர் கூலன்ற் இருக்கு, கடையில பச்சை மலிவு, மேல கொஞ்சம் விடலாமோ?
- சாவகச்சேரி வாசகி

பதில்: வேண்டாம் தங்கச்சி. றோஸ் முதல்தரம் 160,000 கிலோமீற்றர் ஓடும், பிறகு 80,000 க்கு ஒருக்கா மாத்தினாச் சரி, ரெண்டையும் கலந்தா அந்தக் கணக்கே பிழைச்சுப்போம். இன்வேட்டருக்கு, அதுதான் பற்றறி மின்சாரத்தை மோட்டருக்கு மாத்திக் குடுக்கிற பெட்டிக்கு, வேற கூலன்ற் போத்தல் இருக்கு, அதின்ர மட்டத்தையும் பாருங்கோ.

ரெண்டு பேருக்கும் ஒண்டு: வடிச்ச கூலன்ற்றை வளவுக்க ஊத்தாதேங்கோ. அது இனிப்பு, நாய் நக்கினாச் செத்துப்போகும், பிள்ளையளுக்கும் நஞ்சு. எங்கட சுண்ணாம்புக்கல்லு நிலத்தில ஊத்தினது நேர கிணத்துக்குத்தான் இறங்கும். கலனொண்டில விட்டு இறுக்கி மூடி, கழிவு ஒயில் சேர்க்கிற கராஜில கேட்டுக் குடுங்கோ.