ஈயின் சிறகைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்

கேள்வி: பாகல் பந்தல் போட்டிருக்கிறேன். பிஞ்சுகள் கோணி, மஞ்சளாகி விழுகின்றன. பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு. கடையில் கேட்டபோது பழ ஈக்கு உரியது என்று ஒரு பொறி தந்தார்கள். பொறிக்குள் ஈ நிறைய விழுகிறது, காய் அழுகுவது மட்டும் நிற்கவில்லை. பொறி போலியா? பொறிக்குள் கிடந்த ஈயையும் பந்தல் இலையில் இருந்த ஈயையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
நீர்வேலி வாசகி

பதில்: பொறி போலி இல்லை. உங்கள் இரண்டு படங்களிலும் இருப்பவை வெவ்வேறு ஈக்கள்.

பொறியில் விழுந்த ஈயின் முதுகு கறுப்பு. அதன் இரு ஓரத்திலும் ஒவ்வொரு மஞ்சள் கோடு. சிறகு கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது, முன் விளிம்பில் மட்டும் மெல்லிய கருங்கரை ஓடுகிறது. இது மாம்பழத்தையும் கொய்யாவையும் துளைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. இலையில் இருந்தது செம்பழுப்பு நிறம். ஓரக் கோடுகள் இரண்டோடு முதுகின் நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. சிறகின் நுனியில் கரும்புள்ளி படர்ந்திருக்கிறது, உள்ளே குறுக்கு நரம்பொன்றும் கறுத்திருக்கிறது. பாகல், புடோல், பூசணி, வெள்ளரி எல்லாவற்றையும் பாழாக்கும் பூசணி ஈ இதுதான்.

உங்கள் பொறியின் பெட்டியில் மெதைல் யூஜினோல் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த வாசனைக்கு வருவது மா ஈயின் ஆண்கள். அயலில் கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறதா என்று பாருங்கள், பொறி நிறைவதற்குக் காரணம் அங்கே இருக்கக்கூடும். பூசணி ஈயின் ஆண் அந்த வாசனையைத் திரும்பியும் பார்க்காது, அதற்குரியது கியூலூர் என்ற வேறு மருந்து. இரண்டு பொறிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பெட்டியில் எந்த மருந்தின் பெயர் இருக்கிறது என்று வாசிக்காமல் வாங்காதீர்கள். எல்லாப் பழ ஈக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்கவே வேண்டாம்.

உங்கள் இரண்டாவது படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. ஈயின் வயிற்று நுனி ஊசிபோல நீண்டிருக்கிறது. பெண் ஈ, முட்டையிட வந்திருக்கிறது. கியூலூர் பொறியிலும் விழுவது ஆண்கள்தான். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ, பொறி தொங்கினாலும் பிஞ்சைக் குத்தத்தான் செய்யும். எனவே பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். விழுந்த காயைப் பந்தலடியில் கிடக்கவிடாதீர்கள். புழு காயை விட்டு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக எழும்பும். பொறிக்குச் செலவிடும் காசைவிட இந்த இரண்டு வேலைகளுக்கும் பலன் அதிகம்.

மாவில் வரும் ஈயின் சரியான இனப்பெயர் வேண்டும் என்றால் படம் போதாது. பக்ட்ரோசெரா டோர்சாலிஸ் என்பதோடு, இலங்கைக்கே உரிய பக்ட்ரோசெரா கண்டியென்சிஸ் என்பதும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் இருக்கிறது. 2005இல் ஆபிரிக்காவில் புதிய இனம் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு பழ ஈ, டோர்சாலிஸ்தான் என்று 2015இல் தீர்மானிக்கப்பட்டது. ஆய்வாளர்களுக்கே பத்து வருடம் எடுத்த விடயம் அது. ஆனால் பொறி வாங்க அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. டோர்சாலிஸும் கண்டியென்சிஸும் மெதைல் யூஜினோலுக்கே வருகின்றன.

பாகலுக்கு என்று கேட்டு வாங்கியிருந்தால், பற்றுச்சீட்டோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கிய மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் கடைக்காரரின் சட்டக் கடமை. பயிர் பற்றிய சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஈயையே ஒரு சிறு போத்தலில் போட்டுத் திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

கேள்வி: பாடசாலைச் செயற்திட்டத்துக்காக ஈக்களைப் படம் எடுக்கிறேன். கைபேசியில் மாட்டும் லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும். 10 மடங்கு, 20 மடங்கு, 100 மடங்கு என்று விற்கிறார்கள். எது நல்லது?
கொக்குவில் மாணவர்

பதில்: பெரிய எண்ணில் மயங்க வேண்டாம். 10 மடங்கு லென்ஸ் என்றால் ஈக்கும் லென்ஸுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீற்றர்தான் இருக்கும், 20 மடங்கு என்றால் அதிலும் பாதி. அவ்வளவு கிட்டப் போகும்வரை எந்த ஈயும் இருந்துகொண்டிருக்காது. போனாலும் கண் தெளிவாக விழும்போது சிறகு மங்கிவிடும். 100 மடங்கு என்று விற்பது செத்த பூச்சியை மேசையில் வைத்துப் பார்க்க உதவலாம், தோட்டத்துக்கு உதவாது. ஏழெட்டுச் சென்டிமீற்றர் தள்ளி நின்று எடுக்கக்கூடிய குறைந்த சக்தி லென்ஸைக் கேளுங்கள்.

கடையிலேயே மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இப்போதைய கைபேசிகளில் இரண்டு மூன்று கமராக்கள் இருக்கின்றன. கிட்டப் போனதும் கைபேசி தானாக வேறு கமராவுக்கு மாறினால், மாட்டிய லென்ஸ் சும்மாதான் இருக்கும். பற்றுச்சீட்டில் உள்ள பொடி எழுத்தைப் படம் எடுங்கள். நடு எழுத்து தெளிவாகவும் ஓரம் கலங்கலாகவும் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். ஈ விறைத்துப்போய் இலையில் ஒட்டியிருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என்று மூன்று படங்களாவது வேண்டும். வீட்டு ஈயின் முதுகில் நான்கு கருங்கோடு, சாம்பல் நிற இறைச்சி ஈக்கு மூன்று. மேலிருந்து எடுத்த படம் இல்லாவிட்டால் இதை எண்ண முடியாது. இறைச்சி ஈக்களில் அதற்கு மேல் இனத்தைப் பிரிக்க ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே குடும்பப் பெயரோடு நிறுத்துவதே நேர்மை, ஆசிரியரும் அதை மதிப்பார். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சிறகு நரம்பெல்லாம் கரைந்துவிடும்.

கேள்வி: படத்தைக் காட்டினால் பூச்சியின் பெயர் சொல்லும் செயலி ஒன்றை இலவசம் என்று நம்பி இறக்கினேன். இப்போது அட்டையில் பணம் கழிகிறது. செயலியை அழித்தும் நிற்கவில்லை.
சுன்னாகம் வாசகர்

பதில்: செயலியை அழித்தால் சந்தா நிற்காது. அதை இறக்கிய பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் இரத்துச் செய்யுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கவும் அங்கேயே வழி உண்டு, இன்றைக்கே கேளுங்கள். பெயர் அறிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி இலவசமாகவே இருக்கிறது. கணினி சொல்லும் பெயரை அங்கே பூச்சி தெரிந்த மனிதர்கள் பார்த்துத் திருத்துகிறார்கள், அதனால்தான் அதை நம்பலாம்.

கேள்வி: பயிற்றங்கொடியில் மஞ்சள் கறுப்பு வரியோடு சின்னக் குளவிபோல ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. படம் இணைத்துள்ளேன். எந்த மருந்து வாங்கி அடிக்கலாம்?
உரும்பிராய் வாசகர்

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். படத்தில் சிறகு இரண்டுதான், குளவிக்கு நான்கு. உணர்கொம்பு மிகக் குட்டை, கண்கள் தலையை நிறைத்திருக்கின்றன. இது மிதவை ஈ, கொட்டாது. இந்தக் கூட்டத்தில் பலவற்றின் புழுக்கள் உங்கள் பயிற்றையில் மொய்க்கும் அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சியைத் தின்று வளர்கின்றன. மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான்.